கூட்டுவோரும் கழிப்போரும்: எலக்ட்ரோவும் டப் டெக்னோவும் இருவர் இசையான கதை

2013இல் பெர்லினின் டிரேசோர் நிறுவனம் 'பார்டர்லேண்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் உறையில் இரண்டு பெயர்கள். ஒன்று டெட்ராய்டைச் சேர்ந்த ஹுவான் அட்கின்ஸ். எலக்ட்ரோவிலிருந்து டெக்னோவைக் கிளைக்கச் செய்தவர்களில் முதல்வர். மற்றது ஹாம்பர்க்கில் பிறந்து பெர்லினில் வேரூன்றிய மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட். டெக்னோவுக்குள் ஜமைக்காவின் டப் இசையைக் கொண்டுவந்த 'பேசிக் சேனல்' இணையரில் ஒருவர். இருவருமே 1962இல் பிறந்தவர்கள். ஐம்பதைத் தொட்ட வயதில் சேர்ந்து செய்த இந்தத் தட்டில் பாடகர் இல்லை, பல்லவி இல்லை, நினைவில் நிற்கும் மெட்டு என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. 'எலெக்ட்ரிக் கார்டன்' என்ற ஒரே ஆக்கம் வெவ்வேறு வடிவங்களில் திரும்ப வருகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இணையர் 'டிரான்ஸ்போர்ட்' என்ற அடுத்த தட்டைத் தந்தனர்.

இந்தத் தட்டுகளைப் பற்றி உடனே சொல்லத் தோன்றுவது ஒரு கூட்டல் கணக்கு: டெட்ராய்டின் தாளம், பெர்லினின் எதிரொலி, இரண்டும் சேர்ந்தால் 'பார்டர்லேண்ட்'. கேட்கக் கேட்க இந்தக் கணக்கு பொருந்தாமல் போகிறது. இந்த இசையின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடினால் வழியெங்கும் இணையர்களே தென்படுகிறார்கள்: சைபோட்ரான், டிரெக்சியா, பேசிக் சேனல், போர்ட்டர் ரிக்ஸ், மோனோலேக், எக்கோஸ்பேஸ். ஒரே ஒருவர் ஒரே அறையில் இயந்திரங்களை வைத்துக்கொண்டு முழு இசையையும் ஆக்கிவிட முடிகிற ஒரு துறையில் ஏன் இத்தனை இணையர்கள்? என் வாதம் இது: இங்கே இரண்டாமவர் வருவது ஒலியைக் கூட்டுவதற்காக அல்ல, எதை விடலாம் என்று கேட்டுச் சொல்வதற்காக. ஒருவர் கூட்ட, மற்றவர் கழிக்க, இந்த வேலைப் பிரிவினையே எலக்ட்ரோவையும் டப்பையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறது.

தாளப்பெட்டியின் வழி

எலக்ட்ரோவின் தொடக்கத்துக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் வெளியிட்ட 'பிளானட் ராக்'. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் தந்த 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' மெட்டும், 1981இல் தந்த 'நம்பர்ஸ்' தாளமும் அதில் புது உரு எடுத்தன. அந்தத் தாளத்தை வாசித்தது ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 என்ற தாளப்பெட்டி. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழ 12,000 பெட்டிகளே செய்யப்பட்டன. அதில் உண்மையான முரசின் பதிவு எதுவும் கிடையாது. மின்சுற்றே அதிர்ந்து ஒலியை எழுப்பும். முரசைப் போல ஒலிக்கவில்லை என்பதற்காகப் பலர் ஒதுக்கிய அந்தப் பெட்டி, பழைய பொருளாகக் கைமாறி மலிவானபோது, பணமில்லாத இளைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

தாள அமைப்பில் எலக்ட்ரோவும் டெக்னோவும் பிரியும் இடம் எளிதில் பிடிபடக்கூடியது. டெக்னோவில் 'கிக்' எனப்படும் அடிமுரசு நான்கு மாத்திரையிலும் தவறாமல் விழும். எலக்ட்ரோவில் முதல் மாத்திரையில் விழுந்துவிட்டு, அடுத்தது எதிர்பார்த்த இடத்துக்கு முன்போ பின்போ நழுவி விழும். இரண்டாம், நான்காம் மாத்திரைகளில் வரும் வெடிப்பான தட்டு மட்டும் தாளத்தைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒரு சுற்றைப் பதினாறு நுண்பங்குகளாகப் பிரித்தால் எலக்ட்ரோவின் அடிகள் பல, மூன்று அல்லது ஆறு பங்கு இடைவெளியில் அமைவதைக் காணலாம். சதுஸ்ர நடைக்குள் திஸ்ரக் கணக்கு குறுக்கிடுவது போன்ற இழுபறி அது. இந்தக் கணக்கைப் பின்னால் வேறோர் இடத்தில் மீண்டும் சந்திப்போம்.

டெட்ராய்டில் இதற்கு முன்பே ஓர் இணையர் வேலையைத் தொடங்கியிருந்தனர். வாஷ்டெனா சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹுவான் அட்கின்ஸ், அங்கே ரிக் டேவிஸைச் சந்தித்தார். டேவிஸ் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், சின்தசைசர்களிலும் எதிர்காலம் பற்றிய எழுத்துகளிலும் தோய்ந்தவர். ஆல்வின் டோஃப்ளரின் 'மூன்றாம் அலை' இருவருக்கும் பொதுவான வாசிப்பு. 'சைபோட்ரான்' என்ற பெயரில் 1981இல் 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' வெளிவந்தது, 1983இல் 'கிளியர்'. பின்னதைக் கேட்பவர்கள் எலக்ட்ரோவின் முழு இலக்கணத்தையும் அதில் காணலாம்: மெல்லிய சின்தசைசர் சரடு, நழுவும் கிக், உணர்ச்சியை அடக்கிய குரல்.

அந்த இணை நீடிக்கவில்லை. டேவிஸ் ராக் இசைப் பக்கம் போக விரும்பினார். கிட்டாரும் பாடலும் கூட வேண்டும் என்பது அவர் எண்ணம். அட்கின்ஸ் எதிர்த்திசையில் நடந்தார். 1985இல் 'மெட்ரோப்ளெக்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, 'மாடல் 500' என்ற பெயரில் 'நோ யூஎஃப்ஓஸ்' வெளியிட்டார். டெக்னோவின் பிறப்பு என்று பலரும் சுட்டும் தட்டு அது. கூட்ட விரும்பியவரும் குறைக்க விரும்பியவரும் பிரிந்ததில் ஓர் இசைவகை உருவானது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குறைக்கும் கலைக்கு வேறொரு நாட்டில் அதற்குள் முழுமையான மரபு ஒன்று வளர்ந்திருந்தது.

கிங்ஸ்டனில் ஒரு பழுதுபார்ப்பவர்

ஜமைக்காவில் டப் தோன்றிய விதம் குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில், ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம் (ஆட்டக்களங்களுக்கான நடமாடும் ஒலிபெருக்கி அமைப்பு) உரிமையாளருக்காகத் தட்டு வெட்டிக்கொண்டிருந்த பொறியாளர், பாரகன்ஸ் குழுவின் 'ஆன் த பீச்' பாட்டில் குரல் தடத்தைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே கொண்டுபோய் ஆட்டக்களத்தில் போட்டார். குரலற்ற இசைக்குக் கூட்டமே பாடத் தொடங்கியது. மறதியால் விழுந்த இடைவெளி அன்றிரவே விரும்பிக் கேட்கும் பொருளாயிற்று. பாட்டின் மறுபக்கத்தில் 'வெர்ஷன்' போடுவது அதன்பின் ஜமைக்க இசைத்தட்டுத் தொழிலின் வழக்கமானது.

அந்த வழக்கத்தைக் கலையாக்கியவர் கிங் டப்பி என்ற ஆஸ்போர்ன் ரடக். அடிப்படையில் அவர் இசைக் கலைஞரல்லர். வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்ப்பவர், மின்மாற்றி சுற்றுபவர். டைனமிக் சவுண்ட்ஸ் கூடத்தில் கழித்துவிட்ட நான்கு தடக் கலவை மேசையை வாங்கிவந்து கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியிலிருந்த தன் வீட்டில் வைத்தார். ஏற்கெனவே பதிவான பாட்டு நான்கு தடங்களாக அவரிடம் வரும். அவர் புதிதாக எதையும் வாசிப்பதில்லை. குரலை அறுப்பார். கிட்டாரை ஒரு வெட்டு மட்டும் விட்டுவிட்டு மூடுவார். அந்த வெட்டை எதிரொலிக் கருவிக்கு அனுப்புவார். அது தேய்ந்து மறையும் வரை மற்றவற்றை நிறுத்திவைப்பார். பிறகு பேஸும் முரசும் சேர்ந்து திரும்ப விழும். அவருடைய மேசையிலிருந்த வடிகட்டிக் குமிழ் ஒன்று தாழ்ந்த ஒலிகளைப் படிப்படியாகச் சீவி எடுத்து, முழுத் தாளத்தையும் தகரத்தில் உரசும் சத்தமாக்கிவிடும்.

இங்கே நடந்த மாற்றத்தை இசை வரலாறு இன்னும் போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில், இதுவரை பெயர் தெரியாமல் இருந்த பொறியாளர் முன்னுக்கு வந்தார். அவர் கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர். அவர் விரல்கள் குமிழ்களில் இருந்தாலும் வேலை நடப்பது காதில். டப் தட்டு என்பது ஒருவர் ஒரு பாட்டை எப்படிக் கேட்டார் என்பதன் பதிவு. அந்த வகையில் ஒவ்வொரு டப் தட்டும் ஏற்கெனவே இருவர் ஆக்கமே: வாசித்த குழு ஒரு பக்கம், கழித்த காது மறுபக்கம்.

கடைக்காரரும் தாளக்காரரும்

பெர்லின் சுவர் விழுந்த 1989இலேயே மார்க் எர்னஸ்டஸ் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் 'ஹார்ட் வாக்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். டெட்ராய்டிலும் சிகாகோவிலும் அச்சாகும் தட்டுகளை நேரடியாக வரவழைத்து விற்பது அதன் சிறப்பு. 1991இல் கிழக்குப் பகுதியில், வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் கைவிடப்பட்ட நிலவறைப் பெட்டகத்தில் டிரேசோர் நடனக்கூடம் திறந்தது. அதே ஆண்டு டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினரின் 'எக்ஸ்-101' டிரேசோர் நிறுவனத்தின் முதல் தட்டாக வந்தது. தொழிற்சாலைகள் மூடிய நகரமும் எல்லை அழிந்த நகரமும் காலியான கட்டடங்களின் வழியே ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று சொல்வது மிகையாகாது. 1993இல் டிரேசோர் தன் தொகுப்பு ஒன்றுக்கு 'பெர்லின்–டெட்ராய்ட்: ஒரு டெக்னோக் கூட்டணி' என்றே பெயர் சூட்டியது.

மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட் பயின்ற தாளக் கலைஞர். 1980களில் ஹாம்பர்க்கின் 'பலே ஷாம்பர்க்' குழுவில் வாசித்தவர். அவரும் எர்னஸ்டஸும் 1993இல் 'பேசிக் சேனல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். இந்த இணையின் அமைப்பே நம் வாதத்துக்குச் சான்று: ஒருவர் வாசிப்பவர், மற்றவர் தட்டு விற்பவர். எர்னஸ்டஸின் மூலதனம் காதுதான். வாரந்தோறும் கடல்கடந்து வரும் பெட்டிகளைப் பிரித்து, எது நிற்கும், எது நிற்காது என்று தீர்ப்புச் சொல்லிப் பழகிய காது அது.

1993, 1994 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஒன்பது பன்னிரண்டு அங்குலத் தட்டுகள் வந்தன. சைரஸ், குவாட்ரன்ட், பேசிக் சேனல் என்று பெயர்கள் மாறின. ஆக்கியவர் பெயரோ படமோ இல்லை. லேபிளில் இருந்த நிறுவனப் பெயர்கூட உருக்குலைந்து வாசிக்க முடியாமல் போனது. 'ஃபிலிப்ஸ் டிராக்' போன்றவற்றில் டெட்ராய்டின் வேகம் இன்னும் இருக்கிறது. 'குவாட்ரன்ட் டப்' வரும்போது ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கம் எடுத்துக்கொள்கிறது. அதன் உட்பொருள் மிகச் சிறியது: ஒரு மைனர் கார்டு, ஒரு கிக், அடியில் ஒரு பேஸ் அசைவு, மேலே நாடாவின் இரைச்சல்.

அந்த ஒற்றைக் கார்டு எப்படி ஒரு பக்கம் முழுக்கத் தாங்குகிறது? கார்டு ஒலித்ததும் அதன் ஒரு பகுதி எதிரொலிக் கருவிக்குப் போகிறது. எதிரொலி திரும்பி மேசைக்கு வந்து, மீண்டும் அதே கருவிக்கு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வடிகட்டி அதன் மேல்பகுதியையோ கீழ்ப்பகுதியையோ சற்றுச் சீவுகிறது. திரும்பி வரும் ஒலியின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் முழு அறையும் பெருகித் திணறும், குறைத்தால் வறண்டுவிடும். அந்த விளிம்பில் கையை வைத்துக் காத்திருப்பதே வாசிப்பு. தம்புராவைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இராது: சுரம் மாறுவதில்லை, ஆனால் அதற்குள்ளிருந்து எழும் ஒலிச்சாயை ஒவ்வொரு மீட்டலிலும் வேறாகிறது.

இப்போது முன்பு பார்த்த கணக்குக்கு வரலாம். நிமிடத்துக்கு 125 மாத்திரை வேகத்தில் ஒரு மாத்திரை 0.48 நொடி. டப் டெக்னோவில் அடிக்கடி எதிரொலியை முக்கால் மாத்திரைக்கு, அதாவது 0.36 நொடிக்கு வைப்பார்கள். பதினாறு நுண்பங்கில் இது மூன்று பங்கு. ஆக, கிக் நான்கு நான்காக நடக்க, எதிரொலி மூன்று மூன்றாக நடக்கிறது. நான்கு எதிரொலிகள் கழிந்து 1.44 நொடியில், மூன்று மாத்திரை முடியும் இடத்தில்தான் இரண்டும் சந்திக்கின்றன. எலக்ட்ரோ தன் கிக்கை நழுவவிட்டு உண்டாக்கிய அதே இழுபறியை, டப் டெக்னோ கிக்கைத் தொடாமலே, எதிரொலியால் உண்டாக்குகிறது. இரு வகைகளும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கருவியில் ஒரே சிக்கலுக்கு விடை தேடியிருக்கின்றன: இயந்திரத்தின் சமச்சீர் நடையை எப்படி உயிரோடு அசைய வைப்பது? அட்கின்ஸும் ஓஸ்வால்டும் ஒரே மேசையில் உட்கார முடிந்ததற்கு நட்புக்கு அப்பாற்பட்ட காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

வெட்டும் ஊசி

பேசிக் சேனல் இணையர் கழித்தலைத் தட்டு தயாரிப்பு வரைக்கும் கொண்டுபோனார்கள். வினைல் தட்டில் தாழ்ந்த ஒலிக்கு அகலமான பள்ளம் வேண்டும். பள்ளம் அகலமானால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். நேரத்தை நீட்டினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். இடது, வலது பக்கங்களில் பேஸ் முரண்பட்டு வந்தால் பள்ளம் ஆழம் இழந்து ஊசி துள்ளிவிடும்; ஆகவே அதை நடுவில் குவிக்க வேண்டும். எவ்வளவு பேஸ், எத்தனை நிமிடம், எவ்வளவு உரக்க என்ற மூன்றில் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வெட்டும் பொறியாளரின் தேர்வு இசையின் தேர்வாகவே ஆகிவிடுகிறது.

டெட்ராய்டில் இந்த வேலைக்குப் பேர் பெற்றவர் 'நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன்' நடத்திய ரான் மர்ஃபி. ஊசி ஒரே வட்டத்தில் சிக்கிச் சுழலும்படி மூடிய பள்ளங்களை வெட்டும் நுட்பத்தால் டெட்ராய்ட் டெக்னோத் தட்டுகளுக்கு அவர் தனி முகம் தந்தார். பெர்லின் இணையரின் தொடக்கத் தட்டுகளும் அவரிடம் போனவையே. பிறகு 1995இல் அவர்கள் பெர்லினிலேயே 'டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங்' என்ற சொந்த வெட்டுக்கூடத்தை அமைத்தனர். கடை, நிறுவனம், கலவை அறை, வெட்டும் பொறி எல்லாம் ஒரே வட்டத்துக்குள் வந்தன. கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம், ஒலிப்பதிவுக் கூடம், தட்டு வெட்டுதல், விற்பனை எல்லாம் ஒரே தெருவில் அடங்கிய முறைக்கு இது நெருங்கிய உறவு. எதிரொலியைக் கடன் வாங்கியவர்கள் பலர். தொழில் அமைப்பையே கற்றுக்கொண்டவர்கள் இவர்கள்.

பெயரைக் கழித்த இணை

என் வாதத்துக்கு இடைஞ்சல் தரும் இணை ஒன்றும் உண்டு. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டோனல்ட் ஆகிய இருவரும் டெட்ராய்டில் 'டிரெக்சியா' என்ற பெயரில் இயங்கினர். 1992இல் 'டீப் சீ ட்வெல்லர்' தொடங்கி, அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் வட்டத்திலும், பின்னர் 1999இல் டிரேசோரின் 'நெப்ட்யூன்ஸ் லேர்' வழியாகவும், எலக்ட்ரோவை அதன் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றவர்கள் இவர்கள் என்பது பரவலான மதிப்பீடு. எவர் வாசித்தார், எவர் கழித்தார் என்பதை இருவரும் வெளியே சொல்லவில்லை. படமில்லை, மேடை விளக்கமில்லை, நேர்காணல்கள் மிக அரிது. வேலைப் பிரிவினை என்ற கண்ணாடியால் இவர்களைப் பார்க்க முடியாது.

ஆனால் அவர்கள் எதைக் கழித்தார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது: தங்களையே. அந்த வெற்றிடத்தில் ஒரு கதையை நிறுத்தினார்கள். 1997இல் வந்த 'த குவெஸ்ட்' தொகுப்பின் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட கருவுற்ற ஆப்பிரிக்கப் பெண்களின் குழந்தைகள், நீருக்கடியில் மூச்சுவிடக் கற்று, ஒரு நாகரிகத்தை அமைத்திருக்கக்கூடுமோ என்ற கேள்வி அது. இக்கற்பனைக்கு அடியில் வரலாறு கிடக்கிறது. 1781இல் 'சோங்' என்ற கப்பலில் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் வீசப்பட்டனர். உரிமையாளர்கள் அதற்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்காடினர். டிரெக்சியாவின் இசையில் இதைச் சொல்லும் பாடல் வரி கிடையாது. குமிழியிடும் பேஸ், 808இன் உலர்ந்த தட்டுகள், எச்சரிக்கை போல ஒலிக்கும் சின்தசைசர், தலைப்புகள், தட்டின் லேபிள், உறைக் குறிப்பு ஆகியவை மட்டுமே. கேட்பவர்தான் மிச்சத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. பேசிக் சேனல் ஒரு கார்டைப் பக்கம் முழுக்க நீட்டுகிறது. டிரெக்சியா பல ஆக்கங்களைச் சில நிமிடங்களில் சட்டென்று அறுத்துவிடுகிறது. ஒன்று ஒலியைத் தேயவிட்டுக் கழிக்கிறது, மற்றது காலத்தையே வெட்டிக் கழிக்கிறது. 2002 செப்டம்பரில் ஸ்டின்சன் இறந்தார். அதோடு டிரெக்சியா முடிந்தது. டோனல்ட் 'டாப்ளர்எஃபெக்ட்' முதலிய வேறு பெயர்களில் தொடர்ந்தார். ஒருவர் போனபின் மற்றவர் அந்தப் பெயரில் புதிதாக எதையும் வெளியிடவில்லை என்பதே, டிரெக்சியா இருவருக்கு இடையில் இருந்த ஒன்று என்பதைக் காட்டப் போதும்.

கடனும் கணக்கும்

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. டப் ஜமைக்காவின் ஏழைக் கறுப்பினத்தவர் படைத்தது. எலக்ட்ரோவும் டெக்னோவும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் படைத்தவை. அவற்றை எடுத்து, முகத்தையும் பெயரையும் மறைத்து, தூய ஒலியாக்கி விற்ற ஜெர்மானிய இணையருக்கு அந்தப் பெயர் மறைப்பு அவ்வளவு எளிதான அறமா? டிரெக்சியா தங்கள் முகத்தை மறைத்ததும், பெர்லின் இணையர் மறைத்ததும் ஒரே செயலாகாது. முன்னவர்கள் கறுப்பின முகத்தைச் சரக்காக்கும் தொழிலிலிருந்து விலகினர். பின்னவர்களின் மறைவில், மூலம் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்து மறையும் ஆபத்து இருந்தது.

பெர்லின் இணையரின் அடுத்த பத்தாண்டு இந்தக் கேள்விக்கான பதிலாகவே வாசிக்கத்தக்கது. 'ரிதம் அண்ட் சவுண்ட்' என்ற பெயரில், 1996 முதல் 'பரியல் மிக்ஸ்' நிறுவனத்தில் அவர்கள் குரலுக்குத் திரும்பினர். டொமினிக்காவில் பிறந்து பெர்லினில் வாழ்ந்த பால் செயின்ட் ஹிலேர், 'டிக்கிமான்' என்ற பெயரில் பாடினார். 2003இல் வந்த தொகுப்பில் கார்னல் கேம்பல், ஜெனிஃபர் லாரா உள்ளிட்ட ஜமைக்கப் பாடகர்கள் தத்தம் பெயரோடு இடம்பெற்றனர். அதே ஆக்கங்களின் குரலற்ற வடிவங்கள் தனித் தட்டாக வந்தன. 2005இன் 'சீ மி யா' ஒரே தாளக்கட்டின் மேல் பல பாடகர்கள் பாடிய தட்டு. ஜமைக்காவில் 'ரிடிம்' என்று வழங்கும் முறையை அப்படியே பின்பற்றியது அது. இதற்கிடையே, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லாய்ட் பார்ன்ஸ் நடத்திய 'வாக்கீஸ்' நிறுவனத்தின் பழைய தட்டுகளை 2001 முதல் வரிசையாக மறுபதிப்புச் செய்தனர். ஹோரஸ் ஆண்டியின் 'டான்ஸ் ஹால் ஸ்டைல்' உலகெங்கும் புதிய கேட்பாளர்களை அடைந்தது இப்படித்தான். பின்னாளில் எர்னஸ்டஸ் செனகல் நாட்டுத் தாளக் கலைஞர்களோடு 'ந்டாகா ரிதம் ஃபோர்ஸ்' குழுவை நடத்தினார். இவை கடனை முழுதாக அடைத்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. கடன் யாருக்கு என்பதைப் பெயர் சொல்லி எழுதிவைத்தன. இந்தத் துறையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

மீண்டும் எல்லைநிலத்தில்

அட்கின்ஸும் ஓஸ்வால்டும் சந்தித்தது 'பார்டர்லேண்ட்' காலத்தில் அல்ல. 1990களின் தொடக்கத்திலேயே, தாமஸ் ஃபெல்மானும் ஓஸ்வால்டும் நடத்திய '3எம்பி' அமைப்போடு அட்கின்ஸ் டிரேசோருக்காகப் பதிவு செய்திருக்கிறார். 1995இல் மாடல் 500இன் 'டீப் ஸ்பேஸ்' வந்த காலத்தில், அதன் 'ஸ்டார்லைட்' ஆக்கத்துக்கு ஓஸ்வால்ட் ஒரு கலவை செய்தார். அட்கின்ஸின் மெல்லிய சின்தசைசர் கோடு அதில் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த காற்று மாறியிருக்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய இணையின் வரைபடம் அந்த ஒரு கலவையில் உள்ளது.

'பார்டர்லேண்ட்' தட்டில் அந்தப் பிரிவினை இன்னும் நுட்பமாகிறது. 'எலெக்ட்ரிக் கார்டன்' ஆக்கத்தின் மெட்டுச் சில்லுகள் சிறியவை, ஒளி பட்டாற்போல் வந்து போகின்றன. டெட்ராய்டில் பழகிய காதுக்கு அவை அட்கின்ஸின் கையெழுத்து. ஆனால் ஒன்றைத் தொடர்ந்து மற்றது வருவதற்குள் இருக்கும் இடைவெளி ஓஸ்வால்டின் கையெழுத்து. கிக் முன்னால் நின்று அதிகாரம் செய்வதில்லை. தாளக் கலைஞராகப் பயின்ற ஒருவர் மேசையில் இருப்பது, சிறிய தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனி எடை இருப்பதில் தெரிகிறது. 'டிரான்ஸ்போர்ட்' இதைவிட இறுக்கமானது, நடனத்துக்கு நெருங்கியது. எலக்ட்ரோவின் உலர்ந்த தன்மை மேலே எழுகிறது, எதிரொலி பின்னுக்குச் செல்கிறது. முதல் தட்டில் ஒருவர் கூட்டினார், மற்றவர் கழித்தார் என்றால், இரண்டாவதில் கழிப்பவரின் வழக்கங்களிலேயே சில கழிக்கப்பட்டிருக்கின்றன. நீண்ட நாள் இணைகளில்தான் இது நடக்கும்.

குறையும் உண்டு. 'பார்டர்லேண்ட்' தட்டின் சில பகுதிகளில் மரியாதை மிகுந்து மோதல் குறைந்துவிட்டது. ஒருவர் விட்டதை மற்றவர் கேள்வி கேட்காமல் ஏற்கும்போது, கழித்தல் வெறும் அடக்கமாகி, இசை பின்னணிக்குப் போய்விடுகிறது. சைபோட்ரானில் இருந்த பிணக்கு இதில் இல்லை. பிணக்கு இணையை உடைத்தாலும் இசைக்கு முறுக்கு தந்தது என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது காதின் தேவை

இந்த வரலாற்றுக்கு ஒரு முரணான கிளை உண்டு. பேசிக் சேனலின் துணை நிறுவனமான 'செயின் ரியாக்ஷன்' 1995 முதல் பல புதியவர்களை வெளியிட்டது. தாமஸ் கோனரும் ஆண்டி மெல்விக்கும் சேர்ந்த 'போர்ட்டர் ரிக்ஸ்' அங்கே வந்தது. 'பல்வேறு கலைஞர்கள்' என்ற பெயரை ஒரே மனிதர் தனக்குச் சூட்டிக்கொண்டதும் அங்கேதான். ராபர்ட் ஹென்கேயும் ஜெர்ஹார்ட் பேலஸும் சேர்ந்த 'மோனோலேக்' இணையும் அதே நிறுவனத்தில் தட்டு வெளியிட்டது. பேலஸ் 1999இல் 'ஏபிள்டன்' மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். ஹென்கே அந்தப் பணியில் உடன் நின்றார். 2001இல் வந்த 'ஏபிள்டன் லைவ்', கலவை மேசை, எதிரொலி, வடிகட்டி ஆகியவற்றை ஒரு மடிக்கணினிக்குள் அடக்கியது. அதாவது, இணையர் இசையிலிருந்து பிறந்த கருவியே தனியொருவர் போதும் என்ற நிலையை உருவாக்கியது.

இணைகள் மறைந்திருக்க வேண்டும்; மறையவில்லை. டெட்ராய்டுப் பகுதியைச் சேர்ந்த ராட் மோடெல், ஸ்டீவ் ஹிட்செல் என்பவரோடு 'எக்கோஸ்பேஸ்' என்ற இணையை அமைத்து 2007இல் 'த கோல்டஸ்ட் சீசன்' வெளியிட்டார். பெர்லின் டெட்ராய்டிடம் கற்றதை டெட்ராய்ட் பெர்லினிடமிருந்து திரும்பக் கற்ற தட்டு அது. இன்றும் எலக்ட்ரோ, டப் டெக்னோ நிறுவனங்களின் புதிய வெளியீடுகளில் இரு பெயர் சேர்ந்த தட்டுகள் வந்தவண்ணம் இருக்கின்றன.

கருவிகள் மலிந்த காலத்தில் ஒலியைக் கூட்டுவதற்கு எல்லை இல்லை. தடம் நூறானாலும் செலவு ஒன்றே. கிங் டப்பிக்கு நான்கு தடங்கள் இருந்தன, அவை வேறொருவர் வாசித்தவை. ஆகவே அறுப்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. தான் வாசித்ததைத் தானே அறுப்பதுதான் கடினம். ஒவ்வொரு ஒலிக்கும் செலவிட்ட நேரம் அதை விடாதே என்று கையைப் பிடிக்கும். அந்த உழைப்பின் நினைவு இல்லாத இன்னொரு காது பக்கத்தில் இருந்தால் மட்டுமே கை நகரும். இணையின் பயன் இது. மென்பொருளால் தர முடியாததும் இது.

எனவே இவ்வகைப் புதிய தட்டு ஒன்று கைக்கு வரும்போது, யார் எந்தக் கருவியை வாசித்தார் என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. கிக் எங்கே விழாமல் விடப்பட்டிருக்கிறது, எதிரொலி எப்போது நிறுத்தப்பட்டிருக்கிறது, எந்தக் கார்டு ஒருமுறைக்கு மேல் வராமல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த இடங்களில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், மற்றவர் அதற்கு உடன்பட்டிருக்கிறார். அந்த உடன்பாடு கேட்கிறது என்றால் அது நல்ல தட்டு. எல்லா இடமும் நிரம்பியிருந்தால், உறையில் எத்தனை பெயர் இருந்தாலும், அது தனியொருவர் தட்டுதான்.